சிறுமலைக்கு வேன் புறப்படும் முன்



நமது நடமாடும் மருத்துவ வேன் ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற உங்கள் ஒவ்வொருவருக்காகவும் தேவனைத் துதிக்கிறோம்.

சமீபத்தில் வந்த கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "எங்கள் சபை வாலிபர் சங்கத்தார் வாங்கித் தந்த இரும்பு பீரோ வேனில் எந்த இடத்தில் இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "பெண்கள் ஐக்கியத்தின் பெயர் எழுதிய 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி தெரியும்படி வேனைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று இன்னொரு சபையார் எழுதியிருக்கிறார்கள். உள்ளதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பீரோ வேனில் இல்லை. மருத்துவமனை மருந்துக் கிடங்கில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி பிரசவ வார்டின் மாடியில் இருக்கிறது. இரண்டும் தினமும் உபயோகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கொடுத்தவர்கள் நினைத்த இடத்தில் இல்லை. ஏன் என்று விளக்க நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்கு, ஒரு வேனை மலைக்கு எப்படி ஆயத்தம் செய்கிறோம் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

சிறுமலையைத் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் நின்றே பார்க்கலாம், அவ்வளவு பக்கம். நத்தம் சாலையில் போய்ச் சிறுமலைப் பிரிவில் திரும்பினால் மலைப்பாதை தொடங்கிவிடும். மொத்தம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் மேலே மூடுபனி இறங்கிவிட்டால் முன்னே போகிற மாட்டு வண்டிகூடக் கண்ணுக்குத் தெரியாது. பழையூர், புதூர், தென்மலை, அகஸ்தியர்புரம் என்று மேலே பரவிக் கிடக்கிற குடியிருப்புகளிலும், தோட்டங்களின் நடுவே தனித்தனியாக இருக்கிற வீடுகளிலும், பளியர் குடும்பங்கள் வாழ்கிற இடங்களிலும் நமக்கு நோயாளிகள் இருக்கிறார்கள்.

இந்த மலைக்கும் மிஷன் ஊழியத்துக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெயிலுக்கும் நோய்களுக்கும் தப்பித் தங்குவதற்கு முதலில் தேர்ந்தெடுத்த இடம் கொடைக்கானல் அல்ல, சிறுமலைதான். 1830களின் இறுதியில் இங்கே அவர்களுக்கு வீடுகள் இருந்தன. மலைக் காய்ச்சல் அவர்களை இங்கேயும் விடவில்லை. ஆகவே 1845ல் கொடைக்கானலுக்குப் போனார்கள். அந்த நாட்களில் மோட்டார் வண்டி ஏது? மருந்துப் பெட்டி முதல் மேஜை நாற்காலி வரை எல்லாம் மனிதர் தலையிலும் மிருகங்களின் முதுகிலும்தான் ஏறின. மிருகத்தின் முதுகில் சுமை ஏற்றுகிற பழக்கம் சிறுமலையில் இன்னும் ஒழிந்துபோகவில்லை. வண்டி போகாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரையும் பலாப்பழத்தையும் எலுமிச்சை மூட்டைகளையும் இன்றைக்கும் குதிரைகளே சுமந்து வருகின்றன. இந்தக் குதிரைகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். எங்களுக்குப் பாடம் சொன்னது ஒரு குதிரைக்காரர்தான்.

நமது வேன், சக்கரத்தின்மேல் வைத்த ஒரு சின்ன வீடு என்று சொல்லலாம். நோயாளியைப் படுக்க வைத்துப் பார்க்க ஒரு கட்டில், மடக்கு மேஜை, மருந்து அலமாரி, ஊசி மருந்துகளுக்கு ஐஸ் பெட்டி, ஆக்சிஜன் சிலிண்டர், தண்ணீர், விளக்கு, சின்ன ஜெனரேட்டர், இரவு தங்கினால் பாய் தலையணை, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். டாக்டர், இரண்டு நர்சுகள், மருந்தாளுநர், சுவிசேஷகர், டிரைவர் என்று ஆறு பேர் ஏற வேண்டும். திரும்பி வரும்போது நோயாளியும் அவரோடு ஒரு துணையும் ஏறுவதுண்டு. வீடு நகராது, ஆகவே வீட்டில் எதை எங்கே வைத்தாலும் வைத்த இடத்தில் இருக்கும். நகருகிற வீட்டில் அப்படி இல்லை. இந்த எளிய உண்மை எங்களுக்கு உறைக்க 2018ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

அந்த ஆண்டு நவம்பர் 16ந் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, மேற்கே திண்டுக்கல் மாவட்டம் வழியாகப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மலைகளில் மரங்கள் சாய்ந்தன, வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. செய்தி கேட்டவுடன் பல சபைகளிலிருந்து அரிசி மூட்டைகளும், போர்வைகளும், துணி மூட்டைகளும் வந்து குவிந்தன. அந்த அன்பை நாங்கள் மறக்க மாட்டோம். பாதை திறந்தவுடன் வந்ததையெல்லாம் வேனில் ஏற்றினோம். இடம் இருந்த இடத்திலெல்லாம் திணித்தோம். கட்டிலுக்குக் கீழே, கட்டிலின் மேலே, நடைவழியில், கூரைமேல் என்று ஒரு இடம் பாக்கியில்லை. டிரைவர் ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, வண்டி பின்னாடி குந்துது" என்றார். "ஜனங்கள் காத்திருக்கிறார்கள், மெதுவாகப் போகலாம்" என்று பதில் சொன்னோம். அந்தப் பதில் எங்கள் தவறு.

பதினொன்றாம் வளைவுக்கு அருகில் மேலிருந்து ஒரு ஜீப் வந்து எங்களைப் பார்த்து நின்றது. உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண், பிரசவ வேதனையோடு. நர்ஸ் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளையின் தலை தெரிந்தது. ஜீப்பிலேயே பிரசவம் நடந்தது; ஆண் குழந்தை, நன்றாக அழுதது. அதற்குப் பிறகுதான் இரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்க ஆக்ஸிடோசின் ஊசி வேண்டும். உண்மையில் அதைப் பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள்ளே போட்டுவிட வேண்டும். அது எங்களிடம் இருந்தது. ஐஸ் பெட்டிக்குள், சரியான குளிரில், பத்திரமாக இருந்தது. ஐஸ் பெட்டியோ நாலு அரிசி மூட்டைக்கும் ஆறு துணி மூட்டைக்கும் அடியில் இருந்தது.

மூட்டைகளை நடுரோட்டில் எறிந்து எறிந்து பெட்டியை வெளியே எடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எங்களில் ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை. ஏழு எட்டு நிமிடம் இருக்கும் என்று பின்னால் பேசிக்கொண்டோம். அத்தனை நேரமும் ஒரு நர்ஸ் அந்தத் தாயின் வயிற்றின்மேல் கைவைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேவன் இரக்கம் பாராட்டினார். தாய்க்குத் திண்டுக்கல்லில் இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று; தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்று ஜெபத்தில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். ஆனால் எங்கள் டாக்டர் மட்டும், "தேவன் செய்ததற்கு ஸ்தோத்திரம். நாம் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாமா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. மருந்து இல்லாமல் போவது வேறு. மருந்தை வைத்துக்கொண்டு கைக்கு எட்டாமல் வைப்பது வேறு.

நல்ல சமாரியனைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! அவனுடைய இரக்கத்தைப் பேசாத பிரசங்கியார் இல்லை. அவன் புறப்படும்போதே காயத்துக்கு வேண்டியதைப் பையில் எடுத்து வைத்திருந்தான், அதுவும் வழியில் உடனே எடுக்கும்படி வைத்திருந்தான் என்பதை அந்த நவம்பருக்குப் பிறகுதான் கவனித்தோம்.

இப்போது குதிரைக்காரருக்கு வருவோம். புயல் நிவாரணப் பொருட்களை மேலே இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் டிரைவர் வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்து ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டதோ என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தன் குதிரைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "பட்டை எல்லாம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. சுமைதான் ஒரு பக்கமா இருக்கு. வண்டிக்கு முதுகு கெடையாதுன்னு நெனச்சீங்களாக்கும்" என்றார். பிறகு அவர் செய்து காட்டினார். இரண்டு பக்கத்து மூட்டையையும் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்த பக்கத்தில் நாலு காய் அதிகம் போட்டார். கனமானது வயிற்றோடு ஒட்டிக் கீழே, இலேசானது மேலே. கழுத்துப் பக்கமும் போகாமல், பின்னங்கால் பக்கமும் போகாமல் நடு முதுகில். கடைசியில் கயிற்றை இறுக்கி, குதிரையைப் பத்தடி நடத்தி, மறுபடி ஒருமுறை இறுக்கினார். "நடந்த பிறகுதான் எது தளரும்னு தெரியும்" என்றார்.

பின்னால் ஒரு வாகனப் பொறியாளரைக் கேட்டோம். அவர் காகிதத்தில் படம் போட்டு விளக்கியதும் ஏறத்தாழ அதுவேதான். வண்டியின் கனம் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு எளிதில் வளைவில் சாயும். கூரைமேல் வைக்கிற 50 கிலோ, தரையில் வைக்கிற 50 கிலோவுக்குச் சமமல்ல. பின் சக்கரத்துக்கும் பின்னால் அதிகமாக ஏற்றினால், ஏற்றத்தில் முன் சக்கரம் தரையை இலேசாகத்தான் பிடிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்புவதற்குத் தயங்கும். ஆகவே கனமானவை இரண்டு அச்சுக்கும் நடுவே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும். பொறியாளர் இதற்குக் கட்டணம் வாங்கவில்லை. பெரியவர் எங்களுக்கு இரண்டு வாழைச் சீப்பும் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வாரமே வேனை எடை மேடைக்குக் கொண்டுபோனோம். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை எழுதியிருக்கும். அது வண்டி, டீசல், ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்த எடை. பலர் அதைச் சாமான்களின் எடை என்று தவறாக நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வழக்கமான மலைப் பயணத்துக்கு ஏற்றுவதைப் போலவே எல்லாவற்றையும் ஏற்றி, ஆறு பேரும் உட்கார்ந்து நிறுத்தோம். புயல் சாமான் ஒன்றும் இல்லாமலே அளவுக்கு மேல் 300 கிலோவுக்கும் அதிகமாக இருந்தது! பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை நிறுத்தோம். அதிகப்படி எல்லாம் பின் அச்சின்மேல் இருந்தது. எடை மேடைக்காரர் சீட்டை எழுதிக் கொடுத்து, "இது ஆஸ்பத்திரி வண்டியா, வெங்காய வண்டியா?" என்று கேட்டார்.

இங்கேதான் பீரோவும் தொட்டியும் இறங்கின. பங்காளர்களே, கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 500 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 500 கிலோ. அதாவது வளர்ந்த எட்டுப் பேரைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். பாதி நிரப்பினால் என்ன என்று கேட்கலாம். அது இன்னும் மோசம். பாதித் தொட்டியில் தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாக ஓடி மோதும். வண்டி ஒரு பக்கம் சாய்கிற அதே நேரத்தில் தண்ணீரும் அதே பக்கம் போய்ச் சேரும். நிறைகுடம் தளும்பாது என்று பிரசங்கத்தில் உவமையாகச் சொல்கிறோம். எங்கள் டிரைவர் அதை அப்படியே சொல்படி எடுத்துக்கொள்கிறார். இப்போது மூடி போட்ட 20 லிட்டர் கேன்கள் நான்கு மட்டும், வாய்வரை நிரப்பி, கட்டிலுக்கு அடியில் பக்கத்துக்கு இரண்டாக ஆடாமல் செருகி எடுத்துப்போகிறோம். மீதித் தண்ணீரை மேலேயே பிடித்துக் காய்ச்சிக்கொள்கிறோம்.

பீரோவின் கதையும் அதுதான். இரும்பு பீரோ உயரமானது. மேல் தட்டுகளில் மருந்துப் பாட்டில்கள். போகிற வண்டி சட்டென்று நின்றால் வண்டிதான் நிற்கும். உள்ளே கட்டப்படாத பொருள் அதே வேகத்தில் முன்னே போய்க்கொண்டே இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் பிடரியில் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பீரோவுக்குப் பதிலாக இடுப்பளவுக்கு மேல் போகாத ஒட்டுப்பலகை அலமாரிகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் நாலு விரல் உயரத்துக்குத் தடுப்புக் கட்டை. கதவுகளுக்குக் கொண்டி, மருந்து அலமாரிக்கு மட்டும் திண்டுக்கல் பூட்டு. பூட்டுக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு முதல் இரண்டு வருடம் அதைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தோம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆக்சிஜன் சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேல் தோள் வெள்ளையாகவும் உடல் கறுப்பாகவும் இருக்கிற அந்தச் சிலிண்டரை மருத்துவமனை வார்டில் பார்த்திருப்பீர்கள். அதற்குள் வாயு 150 மடங்கு காற்றழுத்தம் அளவுக்கு அடைபட்டிருக்கிறது. அது கீழே விழுந்து வால்வு உடைந்தால் வாயு பீறிட்டு வெளியேற, சிலிண்டர் வாணம்போலப் பாயும். ஆளுயரச் சிலிண்டரை நாங்கள் வேனில் ஏற்றுவதே இல்லை. சின்னச் சிலிண்டர் ஒன்றை மட்டும் சுவரோடு ஒட்டி, மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை என்று இரண்டு இடத்தில் இறுக்கி வைக்கிறோம். ஓடும்போது வால்வு மூடியே இருக்கும். வால்வு திருக இறுக்கமாக இருந்தால் எண்ணெய் விடலாம் என்று யாருக்கும் தோன்றும். விடவே கூடாது. அழுத்தத்தோடு வருகிற ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீப்பற்றிக்கொள்ளும். டிரைவர் என்ஜினைப் பார்த்துவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சிலிண்டரைத் தொட அனுமதி இல்லை. எண்ணெய்க் கையோடு தொட வந்த டாக்டரை அவரே ஒருமுறை தடுத்து நிறுத்தினார்.

இதே காரணத்தினால்தான் சமையல் கேஸ் அடுப்பும் வேனைவிட்டு இறங்கியது. கேஸும் ஆக்சிஜனும் ஒரே அடைப்புக்குள் ஒன்றாகப் பயணம் செய்யக் கூடாது. எங்கள் சமையலறைச் சகோதரிகள் முதல் நாளுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாளுக்கு மலையில் யாராவது ஒரு வீட்டார் எங்களைச் சாப்பிடாமல் விடுவதில்லை. ஜெனரேட்டருக்கு வேண்டிய பெட்ரோலைத் தனிக் கேனில் ஏற்றுவதையும் விட்டுவிட்டோம். புறப்படும் முன் அதன் டாங்கியில் ஊற்றுவதோடு சரி. மேலே போனதும் ஜெனரேட்டரை இறக்கி, வேனிலிருந்து தள்ளி, காற்று எங்களை நோக்கி வராத பக்கத்தில் வைக்கிறோம். அதன் புகையில் வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும் வாயு உண்டு. குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வேனுக்குள் படுக்கிற இரவுகளில் அது ஓடவே கூடாது என்பது கண்டிப்பு.

ஐஸ் பெட்டி இப்போது பின்கதவைத் திறந்தவுடன் கைக்கு முதலாவதாகப் படுகிற இடத்தில் இருக்கிறது. அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது என்று சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆக்ஸிடோசினும் இன்சுலினும் தடுப்பூசி மருந்துகளும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயில் பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்து போனாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை அப்படியே மருந்தோடு சேர்த்து வைத்தால் இன்சுலினும் டெட்டனஸ் தடுப்பூசியும் உறைந்து பலன் இழந்துவிடும். பார்வைக்கு மருந்துபோலவே இருக்கும். ஆகவே ஐஸ் பேக்கை வெளியே எடுத்துவைத்து, மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சளசளக்கிற பதம் வந்த பிறகே பெட்டியில் அடுக்குகிறோம். விடியற்காலையில் இரண்டு நர்சுகள் ஐஸ் பேக்கைக் காதில் வைத்து ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற புதியவர்கள் சிரிப்பார்கள்.

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பிரசவப் பை. அதற்குப் பக்கத்தில் பாம்புக்கடிப் பெட்டி. பாம்புக்கடி மருந்தினால் சிலருக்குத் திடீரென்று ஒவ்வாமை ஏற்பட்டு மூச்சும் இரத்த அழுத்தமும் விழுந்துவிடும். அதற்கு அட்ரினலின் உடனே வேண்டும். ஆகவே இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கும். ஒன்றைவிட்டு மற்றது மலை ஏறாது. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரியாத எவரும் வேனில் வர முடியாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, புதிதாகச் சேரும் நர்சுக்கு இருட்டில் விளக்கை அணைத்துவிட்டு இந்தப் பரீட்சை வைக்கிறோம்.

திரும்பி வரும்போது சுமை மாறியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மருந்து குறைந்திருக்கும், நோயாளி ஏறியிருப்பார், மலைமக்கள் அன்போடு கொடுத்த வாழைத்தாரும் சௌசௌவும் ஏறியிருக்கும். உபயோகித்த ஊசிகள், இரத்தம் பட்ட பஞ்சு எல்லாவற்றையும் 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி பிரித்துக் கீழே கொண்டுவருகிறோம். ஊசிகளுக்குக் குத்தினாலும் துளைக்காத வெள்ளைப் பெட்டி, பஞ்சுக்கும் துணிக்கும் மஞ்சள் பை. காடும் குரங்கும் இருக்கிற மலையில் ஒரு பையைக்கூட விட்டுவர முடியாது. இறங்கும் முன் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டும். களைத்த உடம்புக்கு அது கசப்பான வேலை. ஆனால் இறக்கம்தான் ஏற்றத்தைவிட ஆபத்து.

இறக்கத்தில் எங்கள் டிரைவர் பிரேக்கை நம்புவதில்லை, கியரை நம்புகிறார். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை டிரைவர்களின் பழைய விதி. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, பிரேக் ஆயிலும் கொதித்து, பத்து வளைவு தாண்டுவதற்குள் மிதித்தாலும் பிடிக்காமல் போகலாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும். ஆகவே நன்றாகத்தான் இருக்கிறது என்று விடாமல், வண்டிக்குச் சொல்லப்பட்ட காலத்தில் மாற்றிவிடுகிறோம். 300 கிலோ அதிகம் ஏற்றிக்கொண்டு எத்தனை முறை இந்தப் பாதையில் இறங்கினோம் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

பயணத்துக்கு முந்தின நாள் மாலை டிரைவரும் மருந்தாளுநரும் வேனைச் சுற்றி வருவார்கள். டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்று அளப்பார்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் குளிர்ந்தபின் குறைந்துபோகும். ஸ்டெப்னியிலும் காற்று பார்ப்பார்கள். பலர் மறப்பது இதைத்தான். வீல் நட்டுகள், விளக்குகள், வைப்பர், ஃபேன் பெல்ட், ஜாக்கி. சரிவில் நிறுத்தச் சக்கரத்துக்கு வைக்கிற முட்டுக்கட்டைகள் இரண்டு. எல்லாம் ஏற்றியபின், இடப்பக்கமும் வலப்பக்கமும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எத்தனை விரல்கடை இருக்கிறது என்று கைவைத்துப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தால் ஏதோ ஒரு பெட்டி இடம் மாற வேண்டும். காலையில் ஜெபித்துப் புறப்பட்டு, மலையடிவாரத்தில், முதல் வளைவுக்கு முன் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் மறுபடி இறுக்குகிறோம். நடந்த பிறகுதான் எது தளரும் என்று தெரியும் என்று அந்தப் பெரியவர் சொன்னதை டிரைவர் ஒருநாளும் விடவில்லை.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் சாலையோர மருத்துவத்துக்கு முதலில் போனது மாட்டு வண்டியில். 1909ல்தான் அவருக்கு ஒற்றைச் சிலிண்டர் பியூஜோ மோட்டார் கார் ஒன்று கிடைத்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடியில் நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். அந்தச் சின்னக் காரில் எவ்வளவுதான் ஏற்றியிருக்க முடியும்? எதை விட்டுவிட்டுப் போவது என்று ஒவ்வொரு முறையும் அவரும் யோசித்துத்தான் இருப்பார்.

இன்றைக்கு 2008 முதல் ஓடுகிற அரசின் 108 ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது. அவசரத்துக்கு மக்கள் அதை அழைக்கிறார்கள், நாங்களும் அழைக்கச் சொல்கிறோம். ஆனால் மாதந்தோறும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க, கர்ப்பிணிகளைப் பார்க்க, ஆறாத புண்ணுக்குக் கட்டுப்போட, மலையிறங்க முடியாத முதியவர்களின் வாசலுக்குப் போக, இந்த வேன் ஏற வேண்டியிருக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். வேனுக்கென்று கனமான பொருட்களை வாங்கும் முன் எங்களுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பழைய துணிகளை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அவற்றைத் தனியே ஒரு சரக்கு வண்டியில் மேலே அனுப்பிக்கொள்கிறோம். வேனுக்கு இப்போது தேவையானவை பெயர் எழுதிவைக்க இடமில்லாத சாமான்கள்: பின் சக்கரங்களுக்கு நான்கு டயர், ஒரு செட் பிரேக் லைனிங், கொக்கியோடு இறுக்குகிற நைலான் பட்டைகள் பன்னிரண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் டயர்களை மாற்றிவிட வேண்டும் என்று டிரைவர் தேதி குறித்திருக்கிறார். பழைய டயரில் தேய்மானக் குறி வரைக்கும் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. மூடுபனியில் அந்தக் கொஞ்சத்தை நம்பி மலை ஏற அவருக்கு மனமில்லை, எங்களுக்கும் இல்லை.

அந்த ஜீப்பில் பிறந்த பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வேன் ஊருக்குள் நுழைந்தால் பின்கதவைத் திறப்பது தன் வேலை என்று ஓடி வந்து நிற்கிறான்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைக் குடும்பத்தார்